சீனியம்மாள் இருந்த பத்தியம்

ஏழு சாலைகள் வந்து முட்டிக்கொள்ளும் எங்கள் ஏழுமுக்கில் பதினான்கு பரோட்டாக் கடைகள் இருந்தன, பதினான்கிலும் எண்ணெயில் முக்கிப் பொரிக்கிற பரோட்டாதான், ஆனாலும் ‘கடை’ என்று மொட்டையாகச் சொன்னால் அது தவசிலிங்கம் அண்ணாச்சி கடையைத்தான் குறிக்கும், அந்தக் கடையில் ‘கல்’ என்று சொன்னால் அது கருத்தப்பாண்டி மாஸ்டர் நிற்கிற கல்லைத்தான் குறிக்கும், அப்படி இருபத்திரண்டு வருஷம் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்ற மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கூட்டம் தெருவரைக்கும் நின்ற நேரத்தில், கையில் பிடித்த மாவுருண்டையோடு சரிந்து விழுந்து செத்துப்போனார். கதை இங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வெறும் வியாபாரம்.

விழுவதற்கு முன்னால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அண்ணாச்சியிடம் கேட்டார், அண்ணாச்சி விடவில்லை. சாப்பிட வந்திருந்த ஒரு லாரி டிரைவர் அதைத் தன் காதால் கேட்டு, அடுத்த வாரம் அதே வழியாகத் திரும்பும்போது வண்டியை நிறுத்தி இறங்கி, மாஸ்டரின் மனைவி சீனியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஊரில் பரவிய பேச்சு வேறு. “மாஸ்டர் தின்னே செத்தாரு” என்று அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார், பரோட்டாவும் ஈரலும் குடலும் இஷ்டத்துக்குத் தின்று நெஞ்சை அடைத்துக்கொண்டார் என்று சொன்னார், நாங்களும் சால்னாவைத் தொட்டுக்கொண்டே தலையை ஆட்டினோம். பரோட்டா போடுகிறவன் பரோட்டாவைத் தின்னமாட்டான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், கருத்தப்பாண்டி மாஸ்டர் கேப்பைக் கூழும் வெங்காயமும் தவிர வேறெதையும் வாயில் வைத்து யாரும் பார்த்ததில்லை என்பதும் தெரியும், தெரிந்தும் தலையை ஆட்டினோம். செத்தவன் எழுந்து வந்து நான் கூழ் குடித்தவன் என்று சொல்லப்போவதில்லை, ஊர் வாயை மூட உலைமூடியும் கிடையாது.

கருமாதி அன்று காரியங்கள் முடிந்ததும் சீனியம்மாள் தலையை முடிந்துகொண்டு நேரே கடைக்குப் போனாள். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, அண்ணாச்சிக்கு ஐம்பத்தொன்பது.

“அண்ணாச்சி, நெஞ்சு வலிக்குதுன்னு சொன்ன மனுசனை ஏன் போகவிடல? அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் கேக்க வரல.”

“யாரு தடுத்தா? கண்டதையும் தின்னு கொழுப்பேறிச் செத்தவருக்கு நான் பொறுப்பா?”

“அவுக கூழு குடிச்சவுக அண்ணாச்சி. உங்க கடையில நின்னு உங்ககிட்டதான் கேட்டாக. ஆமா, கேட்டாருன்னு ஒரு வார்த்தை நாலு பேரு முன்னால சொல்லுங்க, போயிர்றேன்.”

“துக்கக்காரின்னு பாக்குறேன். ரொம்பத்தான் கொழுப்பு உனக்கு.”

இலையில் கைவைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கொழுப்பு என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு வீடு, ஒன்று உடம்பில், ஒன்று வாயில், நியாயம் கேட்டு வருகிறவரை விரட்ட நினைக்கிறவர்கள் எப்போதும் இரண்டாவது வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், அண்ணாச்சியும் அதைத்தான் தட்டினார், ஆனால் அன்றைக்குத் திறந்தது முதல் வீட்டுக் கதவு.

“என் கொழுப்புத்தானே? அது உங்களுக்கே வந்து சேரட்டும்” என்றாள் சீனியம்மாள். மண்ணை வாரித் தூற்றவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை, புளி என்ன விலை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

வந்து சேர்ந்தது. பதினாறு நாளாக அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்தவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கருமாதி வடையில் நான்கை எடுத்துத் தின்றாள், அதே நேரம் திங்கட்கிழமை விரதம் என்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி நீளமாக ஓர் ஏப்பம் விட்டார், அது மிளகு தட்டிப்போட்ட உளுந்தவடை ஏப்பமாக இருந்தது. அன்றிலிருந்து சீனியம்மாள் தின்றதற்கெல்லாம் அண்ணாச்சி ஏப்பம் விட்டார். ஊரான் சொத்தை ஏப்பம் விடுகிறவர்களை ஏழுமுக்கு நிறையப் பார்த்திருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாதம் அவர் கண்ணிமைகளில் மஞ்சளாக இரண்டு திட்டுகள் எழும்பின. டாக்டர் மனோரஞ்சிதம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபது வருஷமாக வைத்தியம் பார்க்கிறவர், எங்கள் ஊர் நெஞ்சுகளின் சங்கதி அவருக்கு அத்துபடி, திட்டுகளைப் பார்த்ததுமே வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்த ரத்தத்தை நிறுத்திவைத்தபோது மேலே தெளிந்து நின்றது தண்ணீராக இல்லை, பால் விட்ட கஞ்சியாக இருந்தது.

“கெட்ட கொழுப்பு நூத்தித் தொண்ணூறு, ட்ரைகிளிசரைடு நானூத்தி எண்பது” என்றார் டாக்டர். “எண்ணெய், நெய், ஆட்டுக் கொழுப்பு மட்டும் இல்ல அண்ணாச்சி. மைதா, வெள்ளைச் சோறு, இனிப்பு எல்லாமே உள்ள போயிக் கொழுப்பாத்தான் மாறும். முக்கியமா சீனிய அடியோட விட்டுருங்க.”

சீனி என்றதும் அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு சர்க்கரையைத்தான் சொல்கிறார் என்று விளங்கி, மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், உள்ளபடியே பத்தியம் இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் பிடிக்கும். காலையில் ஓட்ஸ் கஞ்சி, பதினோரு மணிக்கு ஒரு கொய்யா, மத்தியானம் கம்மஞ்சோறும் கொள்ளு ரசமும் சுரைக்காயும், வாரத்தில் இரண்டு நாள் எண்ணெய் காட்டாமல் வேகவைத்த மத்தி மீன், சாயங்காலம் ஊறவைத்த பயறு, பொழுது விடியும் முன்னால் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிப் பத்து வட்டம் என்று, தன் கடை வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த மனுஷன் இரண்டு மாதம் உண்மையாக இருந்தார். முதல் மாத முடிவில் ட்ரைகிளிசரைடு எழுநூற்று இருபது. இரண்டாவது மாத முடிவில் ஆயிரத்து நூற்று நாற்பது.

“ஒளிச்சு வச்சுத் தின்னுறீங்க” என்றார் டாக்டர்.

“குலசாமி மேல சத்தியமா இல்ல டாக்டரம்மா.”

“சாமி மேல சத்தியம் பண்ணலாம். ரத்தம் பொய் சொல்லாதுல்ல?”

வீட்டில் அவர் மனைவி ராஜகனி அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள், கடையில் பையன்கள் அவர் கல் பக்கம் வந்தாலே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஓட்ஸ் குடித்துக்கொண்டே ஆட்டு மூளை ஏப்பம் விடுகிற ஆளை யார்தான் நம்புவார்கள், ‘அண்ணாச்சி தின்னே சாகப்போறாரு’ என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. தின்னாதவனைத் தின்றான் என்று சொல்வது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும். எனக்கு அதில் கொஞ்சங்கூட வருத்தம் இல்லை.

கண்டுபிடித்தது ராஜகனிதான். கருவாட்டு வாசம் பட்டாலே குமட்டுகிறவள் அவள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் கருவாடு நுழைந்ததில்லை, ஒரு மத்தியானம் அவள் கண்முன்னால் கம்மஞ்சோறு தின்றுகொண்டிருந்த புருஷன் நல்லெண்ணெய் மிதக்கிற நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஏப்பம் விட்டார். அவள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே வந்து, தெருத் தெருவாக வாசம் பிடித்துக்கொண்டே நடந்து, கடைசியில் சீனியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். சீனியம்மாள் அப்போதுதான் வட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மனோரஞ்சிதம் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கோர் அறையில் உட்காரவைத்தார். இந்த அறையில் சீனியம்மாளுக்கு இரண்டு கரண்டி நெய் கொடுத்தார், அந்த அறையில் அண்ணாச்சி உருக்கின நெய் ஏப்பம் விட்டார். சீனியம்மாளின் ரத்தத்தையும் பார்த்தார், அது கிணற்றில் அப்போதுதான் இறைத்த தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? பால்குடி பிள்ளைக்குச் சீக்குன்னா தாய்தானே பத்தியம் இருக்கா” என்று சொல்லிவிட்டு, சீட்டில் மருந்துக்கு நேரே தவசிலிங்கம் என்றும் உணவுக்கு நேரே சீனியம்மாள் என்றும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

ஏழுமுக்குக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. எந்த வீட்டிலும் பிள்ளைக்கு மாந்தம் என்றால் தாய் புளியை விடுவாள், பிள்ளைக்குச் சளி என்றால் தாய் தயிரை விடுவாள், ஆகவே அண்ணாச்சிக்குக் கொழுப்பு என்றால் சீனியம்மாள் நெய்யை விடவேண்டியதுதானே என்று பேசிக்கொண்டார்கள். ஊர் எதை மறந்தது என்றால், அந்தத் தாய்க்குப் பிள்ளை மேல் ஆசை இருக்கும் என்பதை மறந்தது.

சீட்டை வாங்கிப் படித்த சீனியம்மாள் சிரித்தாள். அதுவரைக்கும் தான் சொன்ன சொல் இப்படிப் பலித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, தின்றது ஒட்டாமல் கன்னம் ஒட்டிப்போகிறதே என்றுதான் நினைத்திருந்தாள்.

“இருக்கேன் மதினி” என்றாள் ராஜகனியிடம். “ஞாயித்துக்கிழம சாயங்காலம், கடை நெறஞ்சிருக்கயில, கல்லுப் பக்கத்துல நின்னு உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க. சொன்ன நிமிசத்துலருந்து பத்தியம்.”

“ஒரு பொம்பளைக்குப் பயந்து என் கடையில நான் மண்டி போடவா?” என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகுதான் சீனியம்மாள் தின்னத் தொடங்கினாள். காலையில் நெய்ப் பொங்கல், பத்து மணிக்குப் பால்கோவா, மத்தியானம் நெஞ்செலும்புக் குழம்பும் தேங்காய்ப்பால் சோறும், சாயங்காலம் அதிரசமும் சீனி மிட்டாயும், விளக்கு வைத்ததும் பொரித்த கோழித் தோல் என்று, பசியில்லாமல், ருசியில்லாமல், புருஷன் படத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு வாயாகத் தின்றாள். சிலநேரம் குமட்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி தின்பாள்.

அவளிடம் எங்கே இவ்வளவு பண்டம் என்று கேட்காதீர்கள், ஊரே கொண்டுபோய்க் கொடுத்தது. அண்ணாச்சியிடம் அறை வாங்கின சப்ளையர் பணியாரம் கொண்டுவந்தான், அவர் வசவைக் கேட்டே கூனிப்போன பாத்திரம் தேய்க்கிறவள் முறுக்கு கொண்டுவந்தாள், இருபது வருஷத்துக்கு முன் அண்ணாச்சி வீட்டுப் பந்தியில் பாதியில் எழுப்பிவிடப்பட்ட ஒரு வாத்தியார் மூக்குக்கண்ணாடியோடும் ஒரு தூக்குப் பாயசத்தோடும் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து நின்றார். வாழையிலை மூடின தட்டுகள் தெருமுனைவரைக்கும் வரிசை பிடித்தன. அண்ணாச்சியை நம்பிப் பிழைத்தவர்கள் இந்தப் பக்கமாக வந்து அகத்திக்கீரை, வெந்தயக்கீரை, பூண்டு, பார்லி என்று வைத்துவிட்டு, “ஆத்தா, இதையும் ஒரு வாய்” என்று கெஞ்சினார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தெருவுக்கு எண்ணெய்ச் சரகம், கீரைச் சரகம் என்று இரண்டு பக்கம் உண்டாகி, எண்ணெய்ச் சரகத்துக்காரர்கள் கீரைச் சரகத்தில் பெண் எடுக்கமாட்டோம் என்று பேசும் அளவுக்குப் போனது. எனக்கு ஒரு சரகமும் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நானும் ஒரு நாள் அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன், சால்னாவைத் தொட்டுக்கொண்டே தலையை ஆட்டினதற்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஆயிரத்து நானூறு, ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம். அண்ணாச்சிக்கு மேல்வயிற்றில் முதுகுவரைக்கும் குத்துகிற வலி வந்தது, நாலு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடந்தார், அந்த நாலு நாளும் வாய் வழியே ஒன்றும் கூடாது என்று அங்கே எழுதிப் போட்டிருந்ததை மீறி இங்கே சீனியம்மாள் தின்றுகொண்டிருந்தாள். வீடு திரும்பினவரிடம் டாக்டர் மனோரஞ்சிதம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “கணையம் வெந்துபோச்சு. இன்னொரு தடவை வந்தா நான் பொறுப்பில்ல. மருந்து என் கையில இருக்கு, பத்தியம் அந்தம்மா கையில இருக்கு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. மற்றப் பதின்மூன்று கடைகளும் அன்றைக்கு மூடிவிட்டு வந்து நின்றன. கல் பக்கத்து மேஜையில் சீனியம்மாள் உட்கார்ந்தாள், முன்னால் ஒரு தட்டு நிறைய நெய் ஒழுகுகிற மைசூர்பாகு. அண்ணாச்சி கல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது.

“மாஸ்டர் நல்ல மனுசன்” என்று தொடங்கினார். “அவரு உடம்பை இன்னும் கொஞ்சம் கவனிச்சிருந்தா…”

சீனியம்மாள் ஒரு மைசூர்பாகை எடுத்துக் கடித்தாள். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“சரி சரி. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்குக் கூட்டம் அப்படி, யாருக்கும் காது கேக்கல…”

இன்னொரு கடி.

“கேட்டுச்சு! எனக்குக் கேட்டுச்சு. வாயுப் பிடிப்புன்னு நெனச்சுட்டேன்…”

இந்தத் தடவை முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி கல்லோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. “போதும்டி, போதும் சீனியம்மா, கொல்லாத” என்று ராஜகனி ஓடிவந்தாள், கூட்டத்தில் ஒருவரும் அவளோடு சேரவில்லை, கீரைச் சரகத்துக்காரர்கள்கூடச் சேரவில்லை.

“வாயு இல்லன்னு தெரியும்” என்றார் அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு. “மூஞ்சி கறுத்துப்போச்சு, சட்டை நனஞ்சுபோச்சு, எங்கப்பன் போனதும் அப்படித்தான், எனக்குத் தெரியும். மூணு தடவை கேட்டான். முதத் தடவை, போயிட்டு வந்துர்றேன் அண்ணாச்சின்னான். நான் விடல. ரெண்டாவது தடவை, நிக்க முடியல அண்ணாச்சின்னான். நான் விடல. மூணாவது தடவை…”

சீனியம்மாள் தட்டைத் தொடவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரு தடவைதான்.

“மூணாவது தடவை ஆஸ்பத்திரி கேக்கல. எம் பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டுக் குடுங்கன்னான். மாவுக்கையா இருக்கு, நீங்க அமுக்கிக் குடுங்கன்னான். முதல்ல அந்தப் பத்து செட்டைப் போட்டு முடின்னு சொன்னேன்.”

கருத்தப்பாண்டி மாஸ்டர் தின்று சாகவில்லை என்பதை ஏழுமுக்கு முழுக்க அன்றைக்குக் காதால் கேட்டது. சீனியம்மாள் அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

“இன்னைக்குப் பத்தியம்” என்றாள்.

ராஜகனி அவள் காலில் விழப்போனாள். சீனியம்மாள் விலகிக்கொண்டாள்.

“இன்னைக்குத்தான் மதினி. நாளைக்கும் வேணும்னா நாளைக்குக் காலைல அவரை வந்து இதையே சொல்லச் சொல்லுங்க. ஒரு எழுத்துக் குறையக் கூடாது.”

அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குத் தவசிலிங்கம் அண்ணாச்சி தன் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து சீனியம்மாள் வாசலுக்கு வருகிறார், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, மூணு தடவை கேட்டான் என்று தொடங்கிப் பத்து செட்டு வரைக்கும் சத்தமாகச் சொல்கிறார், சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே கேப்பைக்களிக்கு உலை ஏறுகிறது. பால்காரர் அந்தச் சத்தத்தை வைத்து மணி பார்க்கிறார். தெருப்பிள்ளைகளுக்கு அது மனப்பாடம், அண்ணாச்சி தடுமாறினால் எடுத்துக்கொடுக்கிறார்கள். ஒரு நாள் போன் சங்கதியை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல்லிப் பார்த்தார், சீனியம்மாள் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தாள், முதலிலிருந்து சொன்னார். ஐப்பசி மழையில் ஒரு நாள் வராமல் இருந்து பார்த்தார், ஏழரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

நடையும் பத்தியமும் சேர்ந்து ஆளுக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. ட்ரைகிளிசரைடு நூற்று முப்பது, கெட்ட கொழுப்பு தொண்ணூறு, கண்ணிமைத் திட்டுகள் வெளிறி மறைந்துகொண்டு வருகின்றன. சீனியம்மாளும் உப்பில்லாத களியைத் தின்று, கொள்ளுத் தண்ணீர் குடித்து, திருவிழா அன்றும் ஒரு பலகாரம் தொடாமல், அவர் ரத்தத்தைத் தன் நாக்கால் காவல் காக்கிறாள். பெற்ற பிள்ளைக்குக்கூட ஒருத்தி இப்படிப் பத்தியம் இருந்து நான் பார்த்ததில்லை. இப்படியே போனால் தொண்ணூறு வயது நிச்சயம் என்று டாக்டர் மனோரஞ்சிதம் சொன்னபோது ஊரில் ரொம்பச் சந்தோஷப்பட்டது அவள்தான்.

போன மாதம் ஒரு நாள் அண்ணாச்சி சொல்லி முடித்த பிறகும் போகாமல் நின்றார்.

“சீனியம்மா” என்றார். “தெனமும் இதைச் சொல்லிச் சொல்லி அவன் மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. தூங்க முடியல. என்னை விட்டுரும்மா. தின்னு கொன்னாலும் சரி.”

சீனியம்மாள் கதவில் கைவைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவுக மூணு தடவை கேட்டாக, அண்ணாச்சி” என்றாள். “நீங்க இப்பத்தான் ஒரு தடவை கேட்டிருக்கீங்க.”